கொடைக்கானல் மலையில டிவி வழியா பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்மலைப் பக்கம் ரொம்ப வருஷம் கேபிள் லைன் பாத்தவன் நான். லோக்கல் சேனல்ல பாடம் ஓடுன காலத்துல கன்ட்ரோல் ரூம்லயும் இருந்தேன். அதனால காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு, டீச்சருங்க, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் "அண்ணே, அந்த டிவி பாடம் எல்லாம் எப்ப ஆரம்பிச்சுது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, மொத்தமா இங்க எழுதிட்டேன். வரிசை முன்ன பின்ன இருக்கும், கண்டுக்காதீங்க.

கல்வி டிவின்னா 2019-ல வந்த சேனல் தானே? அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?

நம்ம நாட்டுல டிவி வந்ததே பாடம் நடத்தத்தான்னு சொன்னாக்கூட தப்பில்ல. 1959 செப்டம்பர் 15-ல டெல்லியில சோதனை ஒளிபரப்பு ஆரம்பிச்சப்ப, யுனெஸ்கோ உதவியோட டெல்லியச் சுத்தி பொது இடங்கள்ல பெட்டி வெச்சாங்க. டெலி கிளப்னு பேரு. கூட்டமா உக்காந்து பாக்கணும், பாத்து முடிச்சுட்டு அதப் பத்தி பேசணும், அதான் ஏற்பாடு. 1961-ல ஃபோர்டு பவுண்டேஷன் உதவியில டெல்லி ஹைஸ்கூல் பசங்களுக்கு பாடமே ஓட ஆரம்பிச்சுருச்சு. சினிமா, சீரியல், கிரிக்கெட் எல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுதான்.

சாட்டிலைட் வழியா கிராமத்துக்கு டிவி காட்டுனாங்களாமே, அது நம்ம பக்கம் வந்துச்சா?

வரல. ஆனா அதைத் தெரிஞ்சுக்காம இந்த கதையில மேல போக முடியாது.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரைக்கும் சரியா ஒரு வருஷம், நாசாவோட ஏ.டி.எஸ்-6 சாட்டிலைட்ட கடன் வாங்கி இஸ்ரோ நடத்துன சோதனை அது, சுருக்கமா சைட்னு சொல்லுவாங்க. நம்ம நாட்டு விண்வெளித் திட்டத்த ஆரம்பிச்சு வெச்ச விக்ரம் சாராபாய் பேசி 1969-ல ஒப்பந்தம் போட்டது, நடந்தப்ப பாக்க அவரு உயிரோட இல்ல, 1971-லயே போயிட்டாரு. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஆக ஆறு மாநிலத்துல சுமாரா 2400 கிராமம். தமிழ்நாடு லிஸ்ட்லயே இல்ல. நிகழ்ச்சியும் ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் இந்த நாலுலதான்.

ஆன்டெனா கதைதான் எனக்கு ரொம்பப் புடிக்கும். 10 அடி குடை, கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலைக்கம்பியில செஞ்சது. நம்மூர் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருத்தர்கிட்ட இதச் சொன்னேன், "அட நம்மளே செய்யலாமே"ன்னாரு, அதான் விஷயம், கிராமத்துல கிழிஞ்சா கிராமத்துலயே தைக்கணும்னு யோசிச்சிருக்காங்க. காலையில பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு 22 நிமிஷம் சொச்சம், சாயங்காலம் பெரியவங்களுக்கு விவசாயம், உடம்பு, குடும்பம் பத்தி.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. தமிழ்நாட்டுக்கு வராத அந்த நிகழ்ச்சி கொழும்புல ஒருத்தர் வீட்டுக்குப் போச்சு. சாட்டிலைட்ட வெச்சு உலகம் பூரா தகவல் அனுப்பலாம்னு 1945-லயே எழுதுன ஆர்தர் சி. கிளார்க் அங்கதான் குடியிருந்தாரு, மரியாதைக்கு இஸ்ரோக்காரங்க அவரு வீட்டுலயே ஒரு ஆன்டெனா கொண்டு போய் வெச்சுக் குடுத்தாங்க.

இன்னொண்ணு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. அந்த ஒரு வருஷத்துல பசங்களுக்குப் பாடம் காட்டுனதோட நிக்காம, லீவு நாள்ல 12 நாள் பயிற்சியா கிட்டத்தட்ட 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு டிவி வழியாவே அறிவியல் சொல்லிக் குடுத்திருக்காங்க. பெட்டிய மட்டும் வெச்சா பத்தாது, பக்கத்துல நிக்கிற ஆளும் தயாரா இருக்கணும்னு அப்பவே புரிஞ்சிருக்கு. 2020-ல நமக்கு அது மறந்து போச்சு, அதக் கீழ சொல்றேன்.

சரி, மெட்ராஸ் டிவி 1975-லயே வந்துருச்சே?

வந்துச்சு, 1975 ஆகஸ்ட் 15. ஆனா மெட்ராஸ் டவர்ல இருந்து வர்ற சிக்னல் மெட்ராஸ், சுத்துப்பட்டு அவ்வளவுதான். 'வயலும் வாழ்வும்' எல்லாம் நம்ம மலையில உருளைக்கிழங்கு போடுறவங்க பாக்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

எங்க தாத்தா முதல்ல பாத்தது சிலோன் டிவின்னு சொல்றாரு, சும்மா அளக்குறாரா?

அளக்கல, நெசம்தான். இலங்கை ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல ஆரம்பிச்சுது. அவங்க டவர் ஒண்ணு பிதுருதலாகலை மலை உச்சியில, அந்த நாட்டுலயே உசந்த மலை அது. நம்ம தென்மாவட்டம் பூரா அப்ப உசரமா கம்பம் நட்டு ஆன்டெனாவ தென்கிழக்கா திருப்பி, பூஸ்டர் மாட்டி, அதத்தான் பாத்தாங்க. மலையில உசரத்துல இருக்குறவங்களுக்கு கம்பம் கூட பெருசா வேண்டியதில்ல, மேட்டுல வீடு இருந்தா போதும். அது நேரா வர்ற சிக்னல் இல்ல, கடல் மேல காத்து சூடா குளிரா அடுக்கு கட்டுறப்ப அதுல வழுக்கிக்கிட்டு வர்றது, அதனால ஒரு நாள் பளிச்சுன்னு வரும் மறுநாள் வெறும் ஈ மொய்க்கும். சிங்களம் ஒரு வார்த்தை புரியாது, இருந்தாலும் வீடு நிறைய கூட்டம்!

கொடைக்கானல் டவர் வந்தப்ப நமக்கு நல்லா தெரிஞ்சிருக்குமே?

இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பேன். 80-களோட பின்பாதியில தூர்தர்ஷன் கொடைக்கானல்ல பெரிய டவர் போட்டுச்சு, மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் எல்லாம் படம் அருமையா போச்சு, சிலோன் ஆன்டெனாவ எல்லாம் கொடைக்கானல் பக்கமா திருப்புனாங்க. ஆனா டவர் நிக்கிற மலையிலயே முக்காவாசி ஊருக்கு சரியா வரல. டிவி சிக்னல் நேராத்தான் போகும், நடுவுல ஒரு மேடு நின்னா அந்தப் பக்கம் நிழல். மேல்மலையில மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, கிளாவரைன்னு பாருங்க, கீழ்மலையில பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டின்னு பாருங்க, எல்லாம் மடிப்புக்குள்ள மடிப்பா இருக்குற ஊருங்க. ஒரே ஊர்ல கோயில் மேட்டுல படம் வரும், ஓடைப் பக்கத்துத் தெருவுல சத்தம் மட்டும் வரும். ரேடியோ பரவாயில்ல, கோடை பண்பலை 100.5 வந்த பின்னாடி அது காபித் தோட்டத்துல வேலை செய்யுறவங்க இடுப்புலயே தொங்குச்சு.

யு.ஜி.சி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, மதியம் டிவியில போட்ட பாடம் யாராச்சும் பாத்தாங்களா?

கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்னு பேரு, 1984 ஆகஸ்ட் 15-ல ஆரம்பம், இன்சாட் சாட்டிலைட் வழியா தூர்தர்ஷன்ல. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துலயே அதுக்கு நிகழ்ச்சி எடுக்குற சென்டர் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நிகழ்ச்சி நல்லாத்தான் இருக்கும், எரிமலை, எறும்பு, சிற்பம், வானம்னு நான் வாயப் பொளந்து பாத்தது உண்டு. ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ், நேரம் மத்தியானம், பசங்க ஸ்கூல்ல, பெரியவங்க காட்டுல. பெட்டி இருக்குற வீட்டுலயும் "இது நமக்கில்ல"ன்னு அமத்திருவாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

லோக்கல் சேனல்ல பாடம் போட்டது எப்படி? அதக் கொஞ்சம் வெவரமா சொல்லுங்கண்ணே.

90-கள்ல ஊருக்கு ஊர் கேபிள் வந்துச்சுல்ல, அப்ப கன்ட்ரோல் ரூம்னா என்ன, ஒரு ரூம்ல நாலு ரிசீவர், ஒரு அடுக்கு மாடுலேட்டர் (படத்த கேபிள் சேனலா மாத்துற பெட்டி), ஒரு வி.சி.ஆர், வெளிய பெரிய குடை. வி.சி.ஆர்-ல என்ன போடுறோமோ அது ஊர் பூரா ஒரு சேனல்ல தெரியும், அதான் லோக்கல் சேனல். ராத்திரி சினிமா, திருவிழான்னா சாமி ஊர்வலம், காதுகுத்து, கல்யாண வாழ்த்து.

பத்தாவது பரீட்சை நெருங்குறப்ப பெத்தவங்கதான் முதல்ல கேட்டாங்க, ட்யூஷனுக்கு வத்தலகுண்டு அனுப்ப முடியாது, கடைசி பஸ் போயிட்டா புள்ள எங்க தங்கும். ஊர்ல ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்குற தம்பி கேமராவக் கொண்டாந்தான், அவரு வீட்டுத் திண்ணையில கரும்பலகைய சாய்ச்சு வெச்சு எடுத்தோம். கல்யாண லைட்ட போட்டா போர்டு பளபளன்னு அடிச்சு எழுத்தே தெரியாது, பகல் வெளிச்சத்துலதான் எடுக்கணும், மூடுபனி எறங்கிட்டா அன்னைக்கு ஷூட்டிங் கிடையாது. அவரு சாக்பீஸ தண்ணியில நனைச்சு எழுதுவாரு, காஞ்ச பின்னாடி எழுத்து வெள்ளையா பளிச்சுன்னு நிக்கும், எந்த ஸ்டுடியோவுலயும் இத நான் பாத்ததில்ல.

சாயங்காலம் ஆறரைக்குப் போடுவோம். லைன் சில்வர் ஓக் மரத்துல கட்டி இழுத்தது, காபித் தோட்டத்துக்கு நிழலுக்கு வெச்ச மரம். குரங்கு தொங்கும், காட்டுமாடு உரசும், மழை பேஞ்சா கனெக்டருக்குள்ள தண்ணி எறங்கி படம் பனி மாதிரி ஆயிரும். ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் வழியில இருக்குற ஊர்ல இருந்துதான், அதனால மேல இருக்குற ஊர்ல கரண்ட் போச்சுன்னா கீழ ஊர்ல லைட் எரிஞ்சாலும் பாடம் வராது. பசங்களுக்கு அதுல சந்தோஷம்தான்.

இது ஓடுச்சுன்னா ஒரே காரணம்தான். வாத்தியார காலையில பஸ் ஸ்டாப்புல பாக்கலாம். "சார், நேத்து அந்த மூணாவது கணக்கு எப்படி அப்படி வந்துச்சு"ன்னு கேக்கலாம், அவரும் அங்கயே டீக்கடை பேப்பர்ல போட்டுக் காட்டுவாரு. அடுத்த நாள் பாடத்துல "நேத்து ஒரு பொண்ணு கேட்டுச்சு"ன்னு ஆரம்பிப்பாரு, அந்தப் பொண்ணு வீட்ல அன்னைக்கு திருவிழாதான். மொத்த நாட்டுக்கும் சேத்து எடுக்குற நிகழ்ச்சியில இதச் செய்யவே முடியாது. குஜராத்துல கேடா மாவட்டத்துல இஸ்ரோவே 1975-ல பிஜ்னு ஒரு கிராமத்துல சின்ன டிரான்ஸ்மிட்டர் வெச்சு கிராமத்து ஜனங்களையே நடிக்க வெச்சு நிகழ்ச்சி போட்டுச்சு, அதுக்கு 1984-ல யுனெஸ்கோ பரிசும் கெடச்சுது. எங்க திண்ணைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, நாங்க கேள்விப்பட்டதே பின்னாடிதான், ஆனா யோசனை ஒண்ணுதான்.

இதுக்கெல்லாம் லைசன்ஸ் உண்டா? இப்ப ஒரு சமுதாய டிவி ஆரம்பிக்கலாமா?

அப்ப யாரு கேட்டா. கேபிள் டிவி சட்டமே 1995-லதான் வந்துச்சு. இப்ப கதை வேற. லோக்கல் சேனல பிளாட்ஃபார்ம் சர்வீஸ்னு சொல்றாங்க, 2022 நவம்பர்ல மத்திய அரசு விதிமுறை போட்டுருக்கு, எம்.எஸ்.ஓ, அதாவது நம்ம மாதிரி லோக்கல் ஆளுங்களுக்கு சிக்னல் குடுக்குற பெரிய கேபிள் கம்பெனி வழியா பதிவு பண்ணணும், மொத்த சேனல்ல 5 சதவீதத்துக்கு மேல இந்த மாதிரி சேனல் வெக்கக் கூடாது. ஊர்க்காரங்க நாலு பேரு சேந்து சமுதாய டிவின்னு தனியா லைசன்ஸ் வாங்குற வழி நம்ம நாட்டுல கிடையாது.

ரேடியோவுக்கு உண்டு. 2002-ல கல்வி நிறுவனங்களுக்கு சமுதாய வானொலி அனுமதிச்சாங்க, 2004-ல அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்.எம் வந்துச்சு, 2006-ல தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்து விட்டாங்க. நீலகிரியில ரேடியோ கோத்தகிரி இருக்கு, அங்க பழங்குடி ஜனங்க அவங்கவங்க பாஷையிலயே பேசுறாங்க. நம்ம மலைப் பழங்குடி பளியர் பசங்களுக்கு அப்படி ஒண்ணு இந்த மலையில இல்லையேன்னு எனக்கு ஆதங்கம் உண்டு. அமெரிக்காவுல 1972-லயே பெரிய ஊர் கேபிள்காரங்க எல்லாம் பொதுமக்களுக்கு ஒண்ணு, கல்விக்கு ஒண்ணு, உள்ளாட்சிக்கு ஒண்ணுன்னு சேனல் ஒதுக்கணும்னு விதி போட்டாங்க, 1979-ல கோர்ட்டு அத ரத்து பண்ணிருச்சு, அப்புறம் 1984-ல சட்டமாவே போட்டு அந்தந்த ஊர் நிர்வாகமே கேட்டு வாங்கிக்கலாம்னு ஆக்குனாங்க. நம்ம ஆளுங்க அத மட்டும் காப்பி அடிக்கல.

ஞான் தர்ஷன், எஜுசாட், ஸ்வயம் பிரபா... இதெல்லாம் என்ன, ஒண்ணுதானா?

வேற வேற. ஞான் தர்ஷன் 2000 ஜனவரி 26, இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சார்பா வந்த சேனல். எஜுசாட் சேனல் இல்ல, 2004 செப்டம்பர் 20-ல படிப்புக்குன்னே விட்ட சாட்டிலைட். ஸ்வயம் பிரபா மத்திய அரசோட படிப்பு சேனல் கூட்டம், 2017-ல 32 சேனலோட வந்துச்சு, தினம் நாலு மணி நேரம் புதுசு, அதையே அன்னைக்கு இன்னும் அஞ்சு தடவை திருப்பிப் போடுவாங்க, இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு, கரண்ட் போனாலும் அடுத்த தடவை புடிச்சுக்கலாம். 2020-ல பி.எம் இ-வித்யா, ஒரு வகுப்புக்கு ஒரு சேனல்.

கல்வித் தொலைக்காட்சி கொரோனா நேரத்துல நம்ம மலையில உதவுச்சா இல்லையா, உண்மையச் சொல்லுங்க.

சேனல் 2019 ஆகஸ்ட் 26-ல ஆரம்பிச்சது, அப்ப எடப்பாடி பழனிசாமி முதல்வர், ஸ்டுடியோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, அரசு கேபிள்ல 200-ஆம் நம்பர். பாடம் எடுத்தது அரசுப் பள்ளி டீச்சருங்களே. கொரோனா வருமுன்னு யாருக்குத் தெரியும், ஆனா வந்தப்ப கையில ஒரு சேனல் இருந்துச்சு, அந்த வகையில தமிழ்நாடு கொடுத்து வெச்சதுதான். 2020 ஜூலையில இருந்து வகுப்பு வாரியா டைம்டேபிள் போட்டு ஓட்டுனாங்க.

மலையில என்ன ஆச்சுன்னா, முதல் விஷயம் கேபிள் லைன் போகாத வீடுங்க. 2010-க்கு அப்புறம் தனித்தனி வீடா இருக்குறவங்க, தோட்டத்துக்குள்ள இருக்குறவங்க எல்லாம் டிஷ்ஷுக்கு மாறிட்டாங்க, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து மரத்தோட லைனையும் சாச்சுட்டுப் போன பின்னாடி இன்னும் நெறைய பேரு. டிஷ்ல 200 போட்டா வேற ஏதோ ஒரு சேனல் வரும். பசங்க எனக்கு போன் போட்டு "அண்ணே, 200-ல பாட்டு ஓடுது"ன்னு சொல்லுவாங்க.

ரெண்டாவது, ஒரு வீட்ல மூணு புள்ளைங்க, ஒரு டிவி. எட்டாவது பாடம் முடியுறதுக்குள்ள பத்தாவது சண்டைக்கு வரும், நடுவுல பாட்டி சீரியல் கேக்கும். தவற விட்டா யூடியூப்ல பாத்துக்கோன்னாங்க, டவர் எங்க கெடைக்குதோ அங்க போய்த்தான் பாக்கணும், போன் அப்பா கையில, அப்பா காட்டுல.

இதெல்லாம் கூட சமாளிச்சிருவாங்க. பெரிய குறை நான் மேல சொன்னதுதான். சந்தேகம் வந்தா யாரக் கேக்குறது? சில ஊர்ல டீச்சருங்க தானா கெளம்பி வந்து மரத்தடியில உக்காந்து "நேத்து டிவியில என்ன போட்டாங்க"ன்னு கேட்டு அதுல இருந்து ஆரம்பிச்சாங்க, அந்த ஊர்ப் பசங்க மட்டும் தொடர்ந்து பாத்தாங்க. மத்த இடத்துல ரெண்டு வாரத்துல அமத்திட்டு கேரட் கழுவப் போயிட்டாங்க. 2021 அக்டோபர் 27-ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சு தெருவுக்கு ஒரு தன்னார்வலர்னு வந்தப்பதான், இத முன்னாடியே டிவியோட சேத்து செஞ்சிருக்கலாமேன்னு தோணுச்சு.

இப்ப வீட்ல படிப்பு சேனல் மட்டும் காசில்லாம பாக்கணும், என்ன பண்ணலாம்?

டிடி ஃப்ரீ டிஷ். மாசக் கட்டணம் கிடையாது, பாக்ஸும் குடையும் ஒரு தடவை வாங்குறதுதான், ஸ்வயம் பிரபா, இ-வித்யா சேனலுங்க எல்லாம் அதுல வரும். மலைக்காரங்களுக்கு இது தோதான சமாச்சாரம், ஏன்னா அந்த சாட்டிலைட் ஜிசாட்-15 நிக்கிறது 93.5 டிகிரி கிழக்குல, நம்ம மலையில இருந்து பாத்தா தென்கிழக்குப் பக்கமா கிட்டத்தட்ட தலைக்கு மேல, 65 டிகிரிக்கும் கூடுதலா அண்ணாந்து பாக்கணும். டவர் சிக்னல் மாதிரி பக்கத்து மேடு மறைக்காது. மறைக்கிறது மரம்தான், தென்கிழக்குல உசந்த சில்வர் ஓக்கோ யூகலிப்டஸோ இருந்தா குடைய நாலடி தள்ளி வைங்க. குடைய பாத்துட்டு "இவ்வளவு நிமிந்து நிக்குதே, மேல பாக்கலையே"ன்னு பயப்படாதீங்க, எல்.என்.பி (குடைக்கு முன்னாடி சிக்னல வாங்குற சின்ன உருளை) நடுவுல இல்லாம தள்ளி இருக்குற குடை அப்படித்தான் இருக்கும், நிமிந்து நின்னாலும் மேலதான் பாக்குது. சத்தமா மழை அடிக்கிறப்ப படம் போகும், நின்னா வந்துரும், உடனே குடைய திருகாதீங்க.

பழைய பாட கேசட் எங்க வீட்ல ரெண்டு மூணு இருக்கு. தூக்கிப் போடவா?

போடாதீங்க! வி.எச்.எஸ் கேசட்டுக்கு நம்ம மலை ஈரம்தான் எமன். கண்ணாடி ஜன்னல் வழியா உள்ள டேப்ப பாருங்க, விளிம்புல வெள்ளையா பொடி மாதிரி இருந்தா அது பூஞ்சை. அத வி.சி.ஆர்-ல போட்டுறாதீங்க, ஹெட்ல ஒட்டிக்கிட்டு அடுத்து போடுற நல்ல கேசட்டையும் கெடுத்துரும். டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி, நட்டுக்குத்தா நிறுத்தி, அடுப்படிய விட்டுத் தள்ளி வைங்க. பூஞ்சை இல்லாத கேசட்ட மதுரையிலயோ திண்டுக்கல்லயோ பழைய கல்யாண வீடியோ மாத்தித் தர்ற ஸ்டுடியோவுல குடுத்தா பென் டிரைவ்ல ஏத்தித் தருவாங்க, குடுக்குறப்ப முழுசா முன்னாடி ஒரு தடவை சுத்தி, பின்னாடி ஒரு தடவை சுத்திட்டு அப்புறம் காப்பி எடுக்கச் சொல்லுங்க. கேசட் மேல தேதி, பாடம், எடுத்த வாத்தியார் பேரு எழுதாம இருந்தா இப்பவே எழுதுங்க, லேபிள் பிஞ்சு போயிருந்தா வீட்டுப் பெரியவங்களக் கேட்டு எழுதுங்க.